செலக்‌ஷன் பாய் பிரேக் வாங்கிய கதை

திண்டுக்கல்லில் உள்ள பொருள்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். செலக்‌ஷன் பாய் தடவிப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கியவை ஒரு வகை. இன்னும் அவர் கைக்கு வந்து சேராதவை இன்னொரு வகை. அவர் தடவிப் பார்த்துச் சரியென்று சொன்ன மூன்றாவது வகையும் உண்டு என்பார்கள் சிலர். நான் அவர் வீட்டு மாடியில் வருடக்கணக்கில் குடியிருந்தவன். அந்த வகை என் கண்ணில் அதிகம் பட்டதில்லை.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் குடியிருந்த பேகம்பூரில் அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை. தோல் ஷாப் என்று எங்கள் ஊரில் சொல்கிற தோல் பதனிடும் ஆலையில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை. தொழிலில் அதற்குச் செலக்‌ஷன் என்று பேர். பதனிட்ட ஆட்டுத்தோல் கட்டுக்கட்டாக வந்து அவர் முன்னால் விழும். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் கழுத்திலிருந்து வால் வரை ஒரு தடவு, ஒரு மடிப்பு, ஒரு மோப்பம். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு என்று முனகிக்கொண்டே வலதிலும் இடதிலும் வீசுவார். எதிலும் சேராததைக் 'கழிவு' என்று பின்னால் எறிவார். ஃபர்ஸ்ட் செலக்‌ஷன் என்று முடிவான தோலுக்கு மட்டும் தோலுக்குப் பூசும் புங்க எண்ணெய் ஊறிய கையால் கடைசியாக ஒரு தடவு கிடைக்கும். வேலையில் அதற்கு அவசியம் கிடையாது, அது அவராகக் கொடுக்கும் மரியாதை.

தரத்தோடு விடமாட்டார், ஆட்டின் வாழ்க்கை வரலாற்றையும் சொல்வார். "இது கன்னிவாடிப் பக்கத்து ஆடுப்பா. முள்ளுக்காட்டுல மேஞ்சிருக்கு. ஒருக்கா வேலியில மாட்டியிருக்கு, பாவம்" என்பார். ஆடு மறுத்துப் பேசப்போவதில்லை என்பதால் எல்லாரும் நம்பினோம். முதலாளி முதல் வெளியூர் வியாபாரிவரை அவர் விரல் சொன்னதுதான் தீர்ப்பு.

தோலோடு நிறுத்தியிருந்தால் ஊர் அவரை நல்ல வேலைக்காரர் என்று சொல்லிவிட்டுத் தன் ஜோலியைப் பார்த்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. கத்தரிக்காய்க் கடையில் கூடை முழுவதையும் அவர் தடவி முடிப்பதற்குள், கூட வந்தவர்கள் வாங்கிப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு மறுநாளைக்கு வாங்க வந்துவிடுவார்கள். பிரியாணிக் கடையில் உட்கார்ந்து ஒரு பருக்கையை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கி, கண்ணை மூடி, "செகண்ட்" என்பார். அவர் படியேறுவதைப் பார்த்தால் அந்தக் கடை மாஸ்டர் பின்பக்கமாகப் புகைபிடிக்கப் போய்விடுவார் என்று கேள்வி.

நான் மாடி வாடகைக்குக் கேட்டுப் போனபோது என் பெயரையோ, பார்க்கிற வேலையையோ, சாதி சனத்தையோ அவர் கேட்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்து உருட்டிப் பார்த்தார். காட்டன் என்று சொல்லிக் கொடுத்தானா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். "நல்லா ஏமாத்திட்டான். சரி, மாடி காலியாத்தான் கெடக்கு, வந்துரு" என்றார். ஏமாந்த பிள்ளை வம்புதும்பு பண்ணாது என்று கணக்குப் போட்டிருப்பார்.

அவருடைய ஒரே மகள் பர்வீனுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பட்ட பாடு தனிக்கதை. மாப்பிள்ளைப் பையன் மரியாதையாகக் கை கொடுத்தான். பாய் அந்தக் கையைத் திருப்பித் தரவில்லை. பேச்சு ஊர் நிலவரம், மழை, தோல் ஏற்றுமதி என்று சுற்றி வந்தது. பாயின் கட்டைவிரல் மட்டும் பையனுடைய புறங்கையில் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மணிக்கட்டுத் தோலை லேசாகக் கிள்ளி இழுத்து விட்டு, அது திரும்பி ஒட்டுகிற வேகத்தைப் பார்த்தார். டீ வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் எழுந்துகொண்டார்கள். பர்வீன் உள்ளே அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததாக அவள் அம்மாவே பிறகு சொன்னார். அவளுக்கு அப்போது கல்யாணத்தில் நாட்டமில்லை. டீச்சர் வேலைக்குப் படித்து முடித்திருந்தாள். எங்கேயாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சாக்பீஸைக் கையில் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பெல்லாம்.

அந்த வேலையும் வந்தது. செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் ஏறத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. கன்னிவாடிக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். ஜூன் மாதம் பள்ளி திறக்கிற அன்றே வந்து சேர வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கிற இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கன்னிவாடி வரை பஸ் உண்டு. அதற்கு மேல் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. வழியில் ஒரு பெரிய மேடு, ஏறி முடித்ததும் செங்குத்தாக இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் ஓடைக்குக் குறுக்கே கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு சின்னப் பாலம். சாதா சைக்கிளை அந்த மேட்டில் தள்ளிக்கொண்டுதான் போக முடியும்.

பர்வீன் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அவளுடைய தாய்மாமா துபாய் வேலையை முடித்துக்கொண்டு வந்தபோது, கப்பலில் போட்டுவிட்ட சாமான்களோடு ஒரு மலைச் சைக்கிளும் வந்திருந்தது. தடித்த டயர், வரிசையாகக் கியர், முன்பக்கம் ஸ்பிரிங். சக்கரத்தின் நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புத் தட்டு. லீவரை அழுத்தினால் இரண்டு சின்னக் கட்டைகள் அந்தத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும், சக்கரம் நின்றுவிடும். டிஸ்க் பிரேக். எங்கள் ஊரில் அப்போது மோட்டார் சைக்கிளுக்கே அது பெரிய பெருமை.

பள்ளி திறக்கும் முன்பே ஒரு நாள் வழியைப் பார்த்துவர அதில் போனாள். கியர் போட்டு மேட்டை ஏறிவிட்டாள். இறங்கும்போதுதான், துபாயிலேயே அந்தக் கட்டைகள் தேய்ந்து முடிந்திருந்தது தெரிந்தது. பாலத்துக்கு முன்னால் இருந்த வேலிக்குள் வேண்டுமென்றே வண்டியை விட்டுத் தப்பித்தாள். முழங்கையில் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்தவளைப் பாய் ஒன்றும் திட்டவில்லை. அந்த முழங்கையைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஃபர்ஸ்ட் செலக்‌ஷன் பிரேக்கு மாட்டுனா வேலைக்குப் போ. இல்லாட்டி வேணாம்" என்றார். அன்றிலிருந்து பர்வீனின் வேலை அந்த இரண்டு இரும்புத் தட்டுகளில் தொங்கியது.

நாகல்நகர் பக்கம் அந்தோணி அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். கியர் சைக்கிளுக்கு வைத்தியம் தெரிந்தவர் என்று ஊரில் பேர். அவர் சைக்கிளைச் சுற்றி வந்து, பேசாமல் இந்தத் தட்டுகளைக் கழற்றிவிட்டுச் சாதா ரப்பர் பிரேக் போட்டுவிடலாமா என்று பார்த்தார். அதை மாட்டுவதற்குரிய இடமே அந்தச் சைக்கிளின் உடம்பில் இல்லை. டிஸ்க்தான் என்று முடிவானது. மதுரையில் தேடினார், கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். நான் அப்போது ஒரு கொரியர் ஆபீசில் வேலை பார்த்ததால், சின்னச் சின்னப் பெட்டிகளாக வந்த பிரேக் சாமான்கள் எல்லாம் என் கை வழியாகவே போயின. அப்படித்தான் இந்த வழக்கில் நானும் ஒரு சாட்சி ஆனேன்.

முதலில் வந்த கட்டைகளைப் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய்ந்தார். கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார், முனையைப் பல்லால் கடித்தும் பார்த்தார். அந்தோணி அண்ணன் துணியால் பிடித்து மாட்டிய தட்டை, மாட்டிய பிறகு பாய் ஒரு சுற்றுத் தடவினார். "என்னமோ மாதிரி இருக்கு. ஓட்டிப் பாரும்மா" என்றார்.

பரீட்சை மைதானம் ரயில்வே மேம்பாலம். பாலத்து உச்சியிலிருந்து பர்வீன் இறங்கி வர வேண்டும், அடியில் பாய் குடையை விரித்துக்கொண்டு நிற்பார், குடைக்கு முன்னால் வண்டி நிற்க வேண்டும். அவள் இறங்கி வந்து பிரேக்கைப் பிடித்தாள். எழும்பிய அலறலில் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் ரயில் தடம் மாறி வருகிறதென்று எழுந்து ஓடினார்கள். சத்தம்தான் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. குடையைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நின்றாள். பாய் குடையை மடக்கினார். "தேர்டு" என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து இரும்புத்தூள் கலந்த கட்டை வந்தது. அதற்கும் தடவல், மோப்பம், கடி, மேம்பாலம், அலறல். "தேர்டு." பிசின் கலந்த மிருதுவான கட்டை வந்தது. அது அலறவில்லை, வழுக்கியது. "கழிவு." இன்னும் பெரிய தட்டாகப் போட்டால் பிடிமானம் கூடும் என்று யாரோ சொல்லி அதையும் வரவழைத்தோம். கவ்வுகிற கிடுக்கியை நகர்த்தி வைக்கத் தனியாக ஒரு துண்டு வேண்டுமாம், அது எங்கேயும் கிடைக்கவில்லை. பாய்க்கு அதில் வருத்தமில்லை. "பெருசா இருந்தா நல்லதுன்னு யாருப்பா சொன்னது? எருமைத் தோலுதான் பெருசு" என்று பெட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

இதற்கிடையில் அந்தோணி அண்ணன் வாய் தவறி, ஆயில் பிரேக் என்று ஒன்று இருக்கிறது, கம்பிக்குப் பதிலாகக் குழாய்க்குள் எண்ணெய்தான் அழுத்தும் என்று சொல்லிவிட்டார். பாய் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அப்பிடிச் சொல்லு. எண்ணெ இல்லாம எந்தச் சாமானுக்கும் உசிரு கெடையாதுப்பா. எண்ணெ காணாத தோலு வெடிச்சே போகும்" என்றார். அந்த எண்ணெய் குழாயை விட்டு வெளியே வரக் கூடாது, ஒரு சொட்டுத் தட்டில் பட்டாலும் பிரேக் பிடிக்காது என்று அந்தோணி அண்ணன் விளக்கினார். உள்ளேயே அடைந்து கிடக்கிற எண்ணெயால் யாருக்கு என்ன லாபம் என்று பாய் கேட்டார். பர்வீன்தான் அதை வேண்டாமென்றாள். கம்பி அறுந்தால் கன்னிவாடியில் எந்தக் கடையிலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், குழாய் ஒழுகினால் அந்த மலையடிவாரத்தில் யாரைத் தேடுவது என்றாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பியது. பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்பப் பாய்க்கு மனசு இல்லை, அதனால்தான் வருவதையெல்லாம் கழிக்கிறார் என்று. பர்வீனின் அம்மாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பர்வீன், அத்தா என்று கூப்பிடுகிற தன் அப்பாவோடு பேசுவது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. மேம்பாலத்துக்குப் போகும்போதுகூட அவருக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பாய் பின்னால் குடையோடு வருவார். எனக்கு இரண்டு பேரைப் பார்த்தாலும் சங்கடமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில் தோல் பார்க்க முதலாளி அவரை ஈரோட்டுக்கு அனுப்பிவைத்தார். அவர் ஊரில் இல்லாதபோது கோயம்புத்தூர்ப் பெட்டி ஒன்று வந்தது. புதுத் தட்டுகள், புதுக் கட்டைகள். பெட்டியை அந்தோணி அண்ணனிடம் கொடுத்தேன், மாட்டினார், பர்வீன் மேம்பாலத்தில் ஏறினாள். குடைக்குப் பதிலாக நான் நின்றேன். இறங்கி வந்தாள், விரலை மடக்கினாள், வண்டி என் முழங்காலுக்கு முன்னால் சத்தம் போடாமல் நின்றது. நம்பாமல் திரும்ப ஏறி இறங்கினாள். திரும்பவும் நின்றது. அந்தோணி அண்ணன் எல்லாருக்கும் டீ சொன்னார்.

பாய் ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அந்தோணி அண்ணன் கடைக்கு வந்தார். எங்களை மேம்பாலத்துக்குக் கூட்டிப்போய், தன் கண்ணுக்கு முன்னால் ஒரு முறை இறங்கிக் காட்டச் சொன்னார். நின்று காட்டினாள். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் அப்படிச் சிரித்ததில்லை. "ஃபர்ஸ்ட்" என்றார். சொல்லிவிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தோலுக்குக் கொடுக்கும் அந்த மரியாதையை அந்தத் தட்டுக்கும் கொடுத்தார். சுற்றி ஒரு தடவு. பின்சக்கரத்துக்கும் ஒரு தடவு. அப்புறம் ஆசை தீராமல், "இன்னொருக்கா இறங்கு, பாப்போம்" என்றார்.

பர்வீன் இறங்கினாள். வண்டி அலறிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

செருப்பைத் தேய்த்து நின்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள் பர்வீன். முன்சக்கரத் தட்டில் வெயில் பட்டது. அதில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்த் தடம் வானவில் நிறத்தில் சுற்றி வந்தது. அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேம்பாலத்தைப் பார்த்தேன். இத்தனை கட்டைகளையும் அவர் தடவியதை நாங்கள் எல்லாருமே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். ஆனால் செலக்‌ஷன் பாய் ஒரு பொருளைத் தடவுவது எங்கள் ஊரில் காக்கை கத்துவது மாதிரி. யார் அதைக் கவனிக்கப் போகிறார்கள்.

ஊரே தீர்ப்பாக ஏற்றுக்கொண்ட ஒரு கையைப் பார்த்து, தப்பு உன்னிடம்தான் என்று யார் சொல்வது? பர்வீன்தான் சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு.

"அத்தா, பிரேக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க கையில எண்ணெ இருக்கு."

பாய் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். கையைத்தான் காலையில் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்றே என்றார். அந்தோணி அண்ணன் பழைய பேப்பர் ஒன்றை மெதுவாக நீட்டினார். பாய் அதில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். அந்த இடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது. புங்க எண்ணெயில் அத்தனை வருடம் ஊறிய கை, காலைச் சோப்புக்கெல்லாம் அடங்குமா.

கடைக்குத் திரும்பியதும் நடந்தது கழுவும் படலம். சீயக்காய் போட்டுத் தேய்த்தார், பேப்பரில் வட்டம் விழுந்தது. எலுமிச்சம்பழம், சாம்பல், துணி சோப்பு, கடைசியில் அந்தோணி அண்ணன் கடையிலிருந்த மண்ணெண்ணெய். வட்டம் சின்னதாகிக்கொண்டு வந்ததே ஒழிய மறையவில்லை. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தேங்காய் மட்டையால் தேய்க்கச் சொன்னார், இன்னொருவர் மைதா மாவைச் சிபாரிசு செய்தார். கொஞ்ச நேரம் எல்லாரும் சிரித்தோம், பாயும் சிரித்தார். பிறகு ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பர்வீன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தெருவுல என்னமோ பேசுறாங்கன்னு உங்கம்மா சொன்னா. நான் வேணும்னு கழிக்கலைம்மா. ஆனா நீ அம்புட்டுத் தூரம் போக வேணாம்னு மனசுக்குள்ள ஒரு ஓரத்துல இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. மனசு நெனச்சதக் கை செஞ்சிருச்சோ என்னமோ."

பர்வீன் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். நான் நின்ற இடத்திலிருந்து முக்காடுதான் தெரிந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அப்ப இப்ப நீங்களே எடுத்துக் குடுங்க அத்தா. தொடாம" என்றாள்.

எண்ணெய் குடித்த கட்டைகள் இனி எதற்கும் ஆகாது என்றார் அந்தோணி அண்ணன். தட்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் வாங்கித் துடைத்து உயிர் கொடுத்தார். தன் பங்குக்குத் துக்கம் தாங்காமல், இத்தனை நாளும் நல்ல கட்டைகளையெல்லாம் குப்பையில் போட்டேனே என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். கடையில் பிரிக்காத கட்டைகள் இரண்டு செட் மிச்சமிருந்தன. ஒன்று இரும்புத்தூள் கலந்தது, மற்றது பிசின் வகை. இரண்டையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார்.

பாய் எழுந்து வந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார். பழக்கதோஷத்தில் வலது கை நழுவி முன்னால் வந்தது, இடது கை அதைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது. முதன்முறையாக ஒரு பொருளைப் பற்றி அவர் அடுத்தவரிடம் விசாரித்தார். எது சீக்கிரம் தேயும் என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டார். பிசின் கட்டை எடுத்த எடுப்பில் நன்றாகக் கவ்வும், சத்தம் போடாது, ஆனால் சீக்கிரம் தேயும், மழைத் தண்ணீரில் இன்னும் சீக்கிரம் தேயும் என்றார் அவர். இரும்புத்தூள் கட்டை முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், கத்தும், நீளமான இறக்கத்தில் கைவிடாது. பாய் மகள் பக்கம் திரும்பினார். அந்த ஓடைப் பக்கம் மண் எப்படி, மழை வந்தால் ரோட்டில் தண்ணீர் நிற்குமா, லீவரைப் பிடிக்கும்போது விரல் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை.

கடைசியில் தாடையால் இரும்புத்தூள் கட்டையைக் காட்டினார். "கத்துனாக் கத்திட்டுப் போகுது. மழையில விட்டுரக் கூடாது" என்றார். அந்தோணி அண்ணன் கையைக் கழுவித் துடைத்து, சுத்தமான துணியால் பிடித்து மாட்டி முடிக்கிற வரை பாய் கடைக்கு எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டார். தன்மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. அன்று மேம்பாலத்தில் வண்டி கொஞ்சம் கத்தியது, ஆனால் நின்றது. அவர் தரம் ஒன்றும் சொல்லவில்லை. நிஜமான பரீட்சை எங்கே என்று அவருக்குத் தெரியும்.

பள்ளி திறக்கிற அன்று காலையில் சைக்கிளைப் பஸ்ஸுக்கு மேலே ஏற்றினோம். கண்டக்டர் சைக்கிளைத் தூக்கப் பாயைக் கூப்பிட்டபோது, அவர் இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு என்னைக் காட்டினார். கண்டக்டருக்கு அது என்ன மரியாதை என்று புரியவில்லை. நான்தான் தூக்கினேன். கன்னிவாடியில் இறங்கி, மேடு வரை மூவரும் போனோம். ராத்திரி மழை பெய்து ரோடு நனைந்திருந்தது. மேட்டு உச்சியிலிருந்து பார்த்தால் இறக்கமும் பாலமும் அதற்கு அப்பால் பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரையும் தெரிந்தன. ஓடையில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்துக்கு முன்னால் ஒரு முறை நின்று காட்டிவிட்டுப் போகிறேன் என்றாள் பர்வீன். "வாரேன் அத்தா" என்று சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டாள். சைக்கிள் இறங்கியது.

பாய் திரும்பிக்கொண்டார். ஆட்டுத்தோலில் தொடங்கி மாப்பிள்ளையின் மணிக்கட்டு வரை உலகத்தில் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்த மனிதர், அந்த இறக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டார். கீழேயிருந்து பிரேக் கத்துகிற சத்தம் வந்தது, ஒரு நீளச் சத்தம். அப்புறம் சத்தம் இல்லை.

"நின்னுட்டாளா தம்பி?"

"நின்னுட்டா பாய்."

"பாலத்துக்கு முன்னாடியா?"

"நல்லா முன்னாடியே."

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் மறுபடி மிதித்துப் பாலத்தைத் தாண்டிவிட்டாள். பள்ளிக்கூடக் கேட்டுக்குள் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நேரமாகிவிட்டிருந்தது. வளைவில் அந்தச் சைக்கிள் மறைகிற வரை பாய் பார்த்துக்கொண்டே நின்றார். என் தோளை அவர் எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. எலும்பு நோகிற அளவுக்குப் பிடித்திருந்தார்.

"நல்லா ஓட்டுறாள்ல தம்பி?" என்றார்.

அவ்வளவு காலமும் ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவர், சின்னப் பையன் என்னிடம் கேட்டார். ஆமாம் பாய், ரொம்ப நல்லா ஓட்டுறா என்றேன். கன்னிவாடிக்குத் திரும்பி நடந்து, டீ குடிக்கப் போனோம். டீ சுமார்தான். அன்றைக்கு அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.